ஐந்து ரசிகர்கள், ஒரு பயணம்: சான் டியாகோவா, நியூயார்க்கா, டோக்கியோவா?

காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழாவுக்குத் தனியாகப் போகிறவர் விருந்தினர் பட்டியலைப் பார்த்தே முடிவெடுத்துவிடலாம். நண்பர்களோடு போகிறவர்களுக்கு அது போதாது. எங்கள் குழுவில் ஐந்து பேர். ஒருவர் பழைய இதழ்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். ஒருவர் தாமே வரைகிறவர். இன்னொருவருக்கு வேடம் கட்டுவதில்தான் உயிர். ஆறு மாதத்துக்கு முன்பே ஊசியும் நூலும் எடுத்துவிடுவார். நான்காமவர் புதிய படங்கள், தொடர்கள் பற்றிய அறிவிப்பை மேடையிலிருந்து நேரில் கேட்க ஆசைப்படுகிறவர். நான், ஓவியர்களும் கதாசிரியர்களும் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசுவதைக் கேட்கப் போகிறவன். இந்த ஐந்து ஆசைகளுக்கும் இடம் தரக்கூடிய ஊர் எது என்று பல வாரங்கள் பேசினோம். சான் டியாகோ, நியூயார்க், டோக்கியோ ஆகிய மூன்றும் கடைசிவரை களத்தில் நின்றன. நாங்கள் எப்படி எடைபோட்டோம் என்பதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் வேறு குழுக்களுக்கு உதவும்.

முதலில் சான் டியாகோ. அந்தப் பெயரைச் சொன்னாலே ரசிகரின் முகம் மலரும். 1970 ஆகஸ்டில் யு.எஸ். கிராண்ட் ஹோட்டலில் மூன்று நாள் நடந்த முதல் முழு விழாவுக்கு வந்தவர்கள் சுமார் 300 பேர்தான். காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பியும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரியும் அவர்களோடு அங்கே இருந்தார்கள். இன்று அது ஜூலை மாதத்தில் நான்கு நாள் நடக்கிறது. முந்தைய புதன்கிழமை மாலை ஒரு முன்னோட்டமும் உண்டு. 1991 முதல் துறைமுகத்தை ஒட்டிய கன்வென்ஷன் சென்டரில்தான் நடக்கிறது. வருகிறவர்கள் 1,30,000 பேருக்கு மேல்.

குழுவாகப் போகிறவர்களுக்கு முதல் சிக்கல் நுழைவுச் சீட்டான பேட்ஜ் வாங்கும்போதே வந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் முன்கூட்டியே தம் பெயரில் உறுப்பினர் கணக்குத் தொடங்கியிருக்க வேண்டும். விற்பனை நாளன்று எல்லாரும் இணையத்தில் ஒரு காத்திருப்பு அறைக்குள் நுழைகிறார்கள். அங்கே முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர் என்ற பேதம் கிடையாது. குலுக்கல் முறையில்தான் உள்ளே அழைக்கிறார்கள். அழைக்கப்பட்டவர் தமக்கும் இன்னும் இருவருக்கும் மட்டுமே வாங்க முடியும். மூன்று பேர் கொண்ட குழுவுக்கு இது வசதியான விதி. ஐந்து பேர் என்றால், ஐவரில் இருவருக்காவது அதிர்ஷ்டம் அடிக்க வேண்டும். பேட்ஜும் நாள்வாரியாகத்தான் கிடைக்கும். சனிக்கிழமை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே ஒருவருக்கு வெள்ளி, மற்றவருக்கு ஞாயிறு என்று குழு சிதறிப்போக நிறைய வாய்ப்பு இருக்கிறது.

இரண்டாவது சிக்கல், ஹால் எச். பெரிய திரைப்பட அறிவிப்புகள் நடக்கும் அந்த அரங்கில் சுமார் 6,500 பேர் உட்காரலாம். ஒரு நிகழ்ச்சி முடிந்தால் அரங்கைக் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். மாலை நிகழ்ச்சிக்காக வருகிறவர் காலையிலேயே நுழைந்து இடம்பிடித்துவிடுவார். அதனால் முந்தைய இரவே வரிசையில் நின்று கைப்பட்டி வாங்குகிற வழக்கம் வந்தது. எங்கள் நான்காம் நண்பருக்கு அந்த வரிசையே ஓர் அனுபவம். நான் அவரிடம் கேட்டது இதுதான்: நான்கு நாள் பயணத்தில் ஓர் இரவையும் ஒரு பகலையும் ஓர் அரங்குக்கே கொடுத்தபின், அவரோடு நாங்கள் எப்போது சேர்ந்து நடப்போம்? இருட்டில் ஐவரும் வரிசையாக உட்கார்ந்து ஒரே திசையைப் பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

ஆனால் சான் டியாகோவை ஹால் எச்சை வைத்து மட்டும் எடைபோடுவது பெரிய தவறு. அதே கட்டடத்தின் மாடியில் இருக்கும் சிறிய அறைகள்தான் உண்மையான புதையல். வசன எழுத்துகளை வரைகிறவர்கள், வண்ணமிடுகிறவர்கள், வரலாற்றாசிரியர்கள், எண்பது வயதைத் தொட்ட ஓவியர்கள் என்று காமிக்ஸை உண்டாக்கிய கைகள் எல்லாம் அங்கேதான் பேசுகின்றன. ஆண்டுதோறும் ஜாக் கிர்பியை நினைவுகூரும் ஓர் அமர்வு அங்கே நடக்கிறது. அவரிடம் உதவியாளராக இருந்த மார்க் எவானியர் அதை நடத்துகிறார். வெள்ளிக்கிழமை இரவு, காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் பெயரிலான விருது விழா. காமிக்ஸ் உலகம் தன் சிறந்த படைப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கொண்டாடும் இரவு அது. ஐஸ்னர் 2005 ஜனவரியில் மறையும்வரை தம் பெயரிலான விருதுகளை மேடையில் தாமே கொடுத்துவந்தார். நான் ஒருவனாகப் போவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு சான் டியாகோவைத்தான் சொல்வேன். காலை பத்து மணிக்கு மாடி ஏறினால் இரவு இறங்கினால் போதும்.

பேட்ஜ் கிடைக்காத நண்பருக்கும் அங்கே கொஞ்சம் இடம் உண்டு. எதிரே இருக்கும் கேஸ்லாம்ப் பகுதியில் விழாவை ஒட்டி நடக்கும் கண்காட்சிகள் பலவற்றுக்குப் பேட்ஜ் தேவையில்லை. அது ஆறுதல் பரிசுதான். உள்ளே நால்வர், வெளியே ஒருவர் என்ற நிலையை நட்பு எத்தனை நாள் பொறுக்கும் என்பதை அந்தந்தக் குழுவே அறியும்.

இனி நியூயார்க். 1964 ஜூலையில் அந்த நகரில் ஒரு நாள் நடந்த ரசிகர் கூட்டத்தைத்தான் காமிக் கான்களின் முதல் விதைகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். வந்தவர்கள் நூறு பேர் அளவில்தான் இருக்கும். அவர்களில் ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் இருந்தார். 1968 முதல் ஃபில் சூலிங் அங்கே ஆண்டுதோறும் பெரிய அளவில் காமிக்ஸ் விழா நடத்தினார். இப்போதைய நியூயார்க் காமிக் கான் 2006 பிப்ரவரியில் ஜாவிட்ஸ் சென்டரில் தொடங்கியது. முதல் ஆண்டே எதிர்பாராத கூட்டம் திரண்டு, சனிக்கிழமை வாசலை மூட வேண்டியதாகிவிட்டது. கையில் டிக்கெட்டோடு வந்தவர்கள் குளிரில் வெளியே நின்றார்கள். இன்று அது அக்டோபரில் நான்கு நாள் நடக்கிறது. கூட்டம் 2,00,000 அளவுக்குப் போகிறது. எண்ணிக்கையில் சான் டியாகோவை மிஞ்சிவிட்டது.

நான் அங்கே முக்கியமாகப் பார்ப்பது ஆர்ட்டிஸ்ட் ஆலி. ஓவியர்களும் கதாசிரியர்களும் ஆளுக்கொரு மேசை போட்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் பகுதி அது. மார்வெல், டிசி இரண்டும் வளர்ந்த நகரம் என்பதாலும், தொழிலில் இருக்கும் பலர் சுற்றுவட்டாரத்திலேயே வசிப்பதாலும் அந்தப் பகுதி அங்கே மிகப் பெரிது. ஒரு குழுவுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அரங்கில் பேசினால் பக்கத்தில் இருப்பவர் முறைப்பார். மேசை முன்னால் பேச்சுதான் எல்லாமே.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நகரத்து விழாவில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வரைகிற நண்பர் ஒரு மூத்த ஓவியரிடம் வெற்று அட்டை கொண்ட இதழ் ஒன்றைக் கொடுத்தார். அட்டையில் படம் அச்சிடாமல், வரைந்து வாங்குவதற்கென்றே வெள்ளையாக விட்டிருப்பார்கள். ஓவியர் பென்சிலைத் தொடவே இல்லை. தூரிகைப் பேனாவை நேராக எடுத்தார். முதல் கோடு இடது கன்னத்திலிருந்து தாடை வழியாகக் கழுத்துவரை ஒரே இழுப்பில் இறங்கியது. தாடையில் தடித்து, கழுத்தில் மெலிந்தது. அதற்குள் அது யார் முகம் என்று எங்கள் ஐவருக்கும் தெரிந்துவிட்டது. கண்ணை அவர் கடைசியாகத்தான் போட்டார். வரைந்து முடித்து, மை காயும்வரை மூடாதீர்கள் என்று சொல்லி நண்பர் கையில் கொடுத்தார். அடுத்த பத்து நிமிடம் நாங்கள் ஐவரும் அந்த இதழைச் சுற்றி வேலி போட்டதைப்போல் நின்றோம், யாரும் இடித்துவிடாதபடி. பழைய இதழ் சேர்ப்பவர் தம் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையும் அட்டையும் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் இன்னமும் நண்பர்களோடு போக விரும்புகிறேன்.

நியூயார்க்குக்கு இன்னொரு பலம், நகரமே. 2015இல் 34ஆம் தெரு ஹட்சன் யார்ட்ஸ் நிலையம் திறந்தபின் ஏழாம் எண் சுரங்க ரயில் ஜாவிட்ஸ் சென்டருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து விடுகிறது. விழாவை ஒட்டியே தங்க வேண்டிய கட்டாயம் இல்லை. சான் டியாகோவில் பக்கத்து ஹோட்டல் அறைகளுக்கும் குலுக்கல் உண்டு என்பதை நினைத்தால் இது சாதாரண வசதி அல்ல. கூட்டம் சலித்துப்போன நாளில் ஐவரும் வெளியே போகலாம். கிழக்கு 63ஆம் தெருவில் சொசைட்டி ஆஃப் இல்லஸ்ட்ரேட்டர்ஸ் இருக்கிறது. காமிக்ஸ் கலைக்கென்று இருந்த மோக்கா அருங்காட்சியகத்தின் சேகரிப்பு 2012 முதல் அங்கேதான் இருக்கிறது. அச்சில் பார்த்த பக்கங்களின் மூல ஓவியங்களை அங்கே நெருங்கி நின்று பார்க்கலாம். வெள்ளை மை பூசித் திருத்திய இடம்கூடக் கண்ணுக்குத் தெரியும். கிர்பி 1917இல் பிறந்து வளர்ந்த லோயர் ஈஸ்ட் சைடில் ஒரு மாலை நடக்கலாம். அவர் வரைந்த நெருக்கமான தெருக்கள், கம்பி ஏணிகள், செங்கல் கட்டடங்கள் எங்கிருந்து வந்தன என்று அங்கே நடந்தால் புரியும்.

குறைகளும் உண்டு. சனிக்கிழமை அந்தக் கட்டடத்தில் நடப்பது நடையே அல்ல, கூட்டத்தோடு நகர்வதுதான். பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் முக்கிய அறிவிப்புகளைப் பெரும்பாலும் சான் டியாகோவுக்கென்றே எடுத்துவைக்கின்றன. காமிக்ஸ் வரலாறு பற்றிய அமர்வுகளும் சான் டியாகோ அளவுக்கு இல்லை. தங்குமிடச் செலவு அதிகம்; ஐவர் என்பதால் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது மட்டுமே ஆறுதல்.

டோக்கியோவின் கோமிகெட் முற்றிலும் வேறு உலகம். 1975 டிசம்பர் 21 அன்று இதழ் வெளியிடும் 32 ரசிகர் குழுக்களோடும் சுமார் 700 பேரோடும் தொடங்கிய விழா, 2019இல் நான்கு நாட்களில் ஏழு லட்சத்தைத் தாண்டியது. பெருந்தொற்றுக்குப் பின் இரண்டு நாளாகச் சுருங்கியிருக்கிறது; டிக்கெட் இல்லாமல் நுழைய முடியாது. ஆண்டுக்கு இரு முறை, ஆகஸ்டிலும் டிசம்பர் இறுதியிலும், டோக்கியோ பிக் சைட் வளாகத்தில் நடக்கிறது. நட்சத்திர மேடைகளுக்கு அங்கே முக்கியத்துவம் இல்லை. ரசிகர்களே எழுதி, வரைந்து, அச்சிட்ட தோஜின்ஷி இதழ்களை ரசிகர்களே மேசை போட்டு விற்கிறார்கள். விற்பவர், வாங்குபவர், ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர் எல்லாருமே 'பங்கேற்பாளர்' என்பதுதான் அந்த விழாவின் அடிப்படைக் கொள்கை; அங்கே வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை. இந்த ஒரு கொள்கைக்காகவே அந்த விழா மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

குழுவுக்கு அங்கே வேலை இருக்கிறது, உண்மையான வேலை. இதழ் விற்கும் ஒவ்வொரு ரசிகர் குழுவும் ஒரு நாள் மட்டுமே மேசை போடும். எந்த நாளில் எந்த வகை என்பது முன்பே அட்டவணையில் வந்துவிடும். பிரபலமானவர்களின் இதழ்கள் முற்பகலிலேயே தீர்ந்துவிடும். ஆகவே நண்பர்கள் அட்டவணையைப் பிரித்துக்கொண்டு, கிழக்கு அரங்குக்கு இருவர், மேற்கு அரங்குக்கு இருவர் என்று மற்றவர்களுக்கும் சேர்த்து வாங்கி வருவார்கள். பையில் சில்லறையும் நாணயங்களும் நிறைய வேண்டும். மேசையில் இருக்கும் மாதிரிப் பிரதியைக் கேட்டுப் புரட்டிப் பார்த்து, பிடித்தால் வாங்கலாம். பிடிக்காவிட்டால் நன்றி சொல்லி வைத்துவிட்டு நகரலாம். வேடம் கட்டுகிறவர்களுக்கு விதி கடுமையானது: வேடத்தோடு ரயிலில் வரக்கூடாது, உடை மாற்றும் அறையில் மாற்றி, அங்கேயே கழற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அனுமதி கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. விடிய விடிய வாசலில் காத்திருப்பதும் தடை. எங்கள் வேடக்காரர் இந்த விதிகளைக் கேட்டுச் சோர்ந்துபோவார் என்று நினைத்தேன். மாறாக, கவசத்தைப் பெட்டிக்குள் மடங்கும்படி எப்படித் தைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஜப்பானிய மொழி தெரியாதவர் படத்தை ரசிக்கலாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு பேச முடியாது. பேச்சுதான் எனக்கு உயிர் என்பதால் அங்கே நான் பாதி ஆள்தான். ஆகஸ்ட் வெயிலும் புழுக்கமும் உடம்பை வாட்டும். ஆனால் விழா முடிந்த மறுநாள் இந்த நகரமும் கைகொடுக்கும். தெசுகா ஒசாமு முதல் பல மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) ஓவியர்கள் இளமையில் தங்கியிருந்த தோகிவா-சோ என்ற விடுதி 1982இல் இடிக்கப்பட்டது. அதை அப்படியே மீண்டும் எழுப்பி 2020இல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் நண்பர்களாக இருந்து வரைந்தவர்களின் அறைகளைப் பார்க்க, நண்பர்களோடு போவதுதான் முறை.

இந்த மூன்றிலும் கூட்டம் அச்சமூட்டுகிறது என்பவர்கள் டொரண்டோவை நினைத்துப் பாருங்கள். 2003இல் தொடங்கிய அங்குள்ள காமிக்ஸ் கலை விழா 2009 முதல் பல ஆண்டுகள் நகரின் பெரிய பொது நூலகத்திலேயே, நுழைவுக் கட்டணம் இல்லாமல் நடந்தது. அங்கே திரை நட்சத்திரங்கள் இல்லை, எல்லாமே புத்தகங்கள்தான். எங்கள் ஐவரில் மூவருக்கு அதுவே போதும். மற்ற இருவருக்காகத்தான் விட்டுவிட்டோம்.

ஊரைவிடப் பெரிய முடிவு ஒன்று உண்டு, அதைப் பல குழுக்கள் எடுப்பதே இல்லை: உள்ளே போனபின் சேர்ந்தே சுற்றுவதா, பிரிந்து சுற்றுவதா? எங்கள் முதல் விழாவில் நாள் முழுவதும் ஐவரும் ஒன்றாகவே இருந்தோம். ஒருவர் பழைய இதழ்ப் பெட்டியில் ஒன்றரை மணி நேரம் விரலை ஓட்டிக்கொண்டிருக்க, நால்வர் கால் கடுக்க நின்றோம். அதற்குள் நான் கேட்க விரும்பிய உரை முடிந்துவிட்டது. வேடம் கட்டியவரைப் பத்தடிக்கு ஒருவர் படம் எடுக்க நிறுத்தினார்கள். அவரோடு நடந்தவர்களும் நின்றார்கள். மாலையில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. தவறு யார் மீதும் இல்லை. ஐந்து வகை ரசனைக்கு ஐந்து வகை வேகம் இருக்கிறது.

மறுநாள் காலை பிரிந்தோம்; மதியம் ஒரு மணிக்குச் சேர்ந்தோம்; அதன்பின் ஆர்ட்டிஸ்ட் ஆலி மட்டும் ஒன்றாக. அந்த ஏற்பாட்டை இன்றுவரை மாற்றவில்லை. அதற்கு வேண்டியது எல்லாருக்கும் தெரிந்த ஒரு தூணோ படிக்கட்டோ. அவ்வளவு பேர் கூடும் இடத்தில் போன் சிக்னல் பல நேரம் உயிரை விட்டுவிடும், ஆகவே இடமும் நேரமும் முன்பே பேசிவைத்திருக்க வேண்டும். காலைப் பொழுதில் வரைகிறவர் முதல் வேலையாக ஓவியர்களிடம் பெயர் கொடுக்க ஓட வேண்டும். பிரபல ஓவியர்கள் வரைந்து தரும் பட்டியல் முதல் நாள் முற்பகலிலேயே நிரம்பிவிடும். பலர் விழாவுக்கு முன்பே மின்னஞ்சலில் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். பழைய இதழ் சேர்ப்பவருக்கு நேர்மாறு: கடைசி நாள் பிற்பகலில்தான் வியாபாரிகள் மனம் இளகும். திரும்பச் சுமந்து செல்வதைவிட விலையைக் குறைப்பது அவர்களுக்கு மேல்.

எத்தனை நாள் என்பதிலும் எனக்குத் தெளிவான கருத்து இருக்கிறது. நான்கு நாளும் உள்ளேயே இருப்பது தனி ஆளுக்குச் சாத்தியம், குழுவுக்கு வேண்டாம். வியாழனும் வெள்ளியும் எடுங்கள், சனிக்கிழமையை நகரத்துக்குக் கொடுங்கள். ஓவியர்கள் வியாழக்கிழமை களைப்பில்லாமல் இருக்கிறார்கள், வரிசை குறைவு, கையெழுத்துப் போடும்போது நிமிர்ந்து பார்த்துப் பெயர் கேட்கிறார்கள்.

ஆக, நாங்கள் நியூயார்க்கைத் தேர்ந்தெடுத்தோம். ஐவருக்கும் வியாழன், வெள்ளி. பழைய இதழ் சேர்ப்பவருக்கு மட்டும் ஞாயிறும். அறிவிப்பு கேட்கும் நண்பர் மனமொப்பித்தான் சம்மதித்தார் என்றாலும், சான் டியாகோவுக்கும் கணக்குத் தொடங்கிவைத்திருக்கிறார். அவரோடு மாடி அறைகளுக்குப் போக நானும் தொடங்கியிருக்கிறேன். இருவர் என்றால் அந்தக் குலுக்கலில் ஒருவர் ஜெயித்தாலே போதும்.

டோக்கியோவைப் பார்வையாளர்களாகப் போய்ப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். வரைகிற நண்பர் 24 பக்கத்தில் ஒரு கதை வரைந்துகொண்டிருக்கிறார். அது முடிந்தால் அங்கே ஒரு மேசைக்கு விண்ணப்பிப்போம்; வெளிநாட்டுக் குழுக்களையும் அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் உட்கார, மூவர் அட்டவணையோடு அரங்குகளுக்குக் கிளம்புவதாகத் திட்டம். நேற்று கேட்டபோது ஒன்பதாம் பக்கத்துக்கு மை போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.